மூக்கு வைத்த ஓடம்

ஜவ்வாது மலையில் ஓடம் செய்யப்போகிறேன் என்று நான் சொன்னபோது சிரிக்காதவர் ஒரே ஒருவர்தான். அவருக்கும் சிரிப்பு வந்ததாம். கால் ஒடிந்திருந்ததால், சிரித்தால் உடம்பு குலுங்கி வலிக்குமே என்று அடக்கிக்கொண்டாராம். இதைப் பிற்பாடு அவரே என்னிடம் சொன்னார். அப்போதே சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன்.

நான் கண்ணமங்கலத்துக்காரி. மலைமேல் ஒரு பள்ளிக்கூடத்தில் அறிவியல் டீச்சர். மாற்றல் உத்தரவு வந்த அன்று வீட்டில் பாத்திரங்களை உருட்டி ஊரைக் கூட்டினேன். ஆனால் வந்த ஆறே மாதத்தில், சனி ஞாயிறுக்குக்கூடக் கீழே இறங்க மனமில்லாதவளாகிவிட்டேன். அதற்குப் பாதிக் காரணம் மலையின் குளிர். மீதிப் பாதி பக்கத்து வீட்டு அக்கா.

அக்கா என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். சாமை, கேழ்வரகு, சில புளியமரங்கள், இரண்டு மாடுகள் என்று வாழ்கிறவர். மகளைக் கட்டிக்கொடுத்தாகிவிட்டது. கணவர் குடகில் காப்பித் தோட்ட வேலைக்குப் போனால் தை மாதம்தான் திரும்புவார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். வந்த வேகத்தில் தெருவுக்கே தெரியும். அக்காவுக்குக் கோபம் வந்தால் குரல் உயராது, கை மட்டும் வேகமாக ஓடும். அவர் படபடவென்று பாத்திரம் தேய்த்தால் நான் அந்தப் பக்கம் போகமாட்டேன்.

எங்கள் இரண்டு வீடுகளும் ஏரிக்கரையில் இருந்தன. அக்காவின் கொல்லை ஏரிக்கு அந்தப் பக்கம், சரிவில் இருந்தது. கணவர் வெளியூரில் இருந்த மூன்று கோடைகளில், தனி ஆளாகக் கல் பொறுக்கி அவர் உண்டாக்கிய நிலம் அது. பொறுக்கிய கற்களைக் கொல்லையைச் சுற்றி வரப்பாக அடுக்கி வைத்திருந்தார். நான் மலைக்கு வந்த பிறகு ஏரி நிறைந்து பார்த்ததில்லை. நடுவில் ஒரு குட்டை இருக்கும், அதைச் சுற்றிக்கொண்டு கால் மணி நேரத்தில் அக்கரைக்கு நடந்துவிடலாம். அந்த ஆடியிலும் அக்கா அப்படித்தான் நடந்து போய்ச் சாமை விதைத்தார்.

ஐப்பசியில் அடித்த மழையில் ஏரி நிரம்பி வழிந்து கோடி போனது. பாதை தண்ணீருக்கு அடியில் போயிற்று. அதே மழையில் அக்கா வீட்டுப் பின்பக்கம் நின்ற பெரிய மாமரமும் வேரோடு சாய்ந்தது. காலையில் சத்தம் கேட்டு ஓடிய அக்கா பாறையில் வழுக்கி விழுந்து கணுக்காலை உடைத்துக்கொண்டார். திருப்பத்தூர் டாக்டர் முழங்கால் வரை மாவுக்கட்டுப் போட்டு, ஒன்றரை மாதம் கட்டு நனையக் கூடாது, மூன்று மாதம் மேடு ஏறக் கூடாது என்று சொல்லி அனுப்பினார். ஏரியைச் சுற்றிக்கொண்டு அக்கரைக்குப் போக இரண்டு மணி நேரப் பாறை வழி. அதில் வண்டி போகாது.

அக்காவின் கொழுந்தன் பார்க்க வந்தார். அவருடைய நிலமும் அக்கரையில் அக்காவின் கொல்லைக்குப் பக்கத்திலேயே இருந்தது. நல்ல மனிதர். வரும்போது ஒரு சீப்பு மலைவாழைப்பழம் கொண்டுவந்தார்.

"நீ ஒண்ணும் கவலப்படாத அண்ணி. சாமை நெறம் மாறி சாயட்டும். அன்னிக்கு நீ வந்து நின்னா நீயே அறு. வரலேன்னா நான் அறுத்து மூட்டையக் கொண்டாந்து உன் வூட்லயே போட்டுடறேன். அடுத்த வருசத்துலேர்ந்து அந்தக் கொல்லிய நானே ஓட்டிக்கறேன். உனக்கு இன்னாத்துக்கு இந்தக் கஷ்டம்? வர்ற பங்கு வூடு தேடி வந்துடும்."

அக்கா தலையை மட்டும் ஆட்டினார். அவர் போனதும் பழத்தை உரிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"நல்லதுக்குத்தான் சொல்றான் டீச்சர். அதான் பயமா இருக்குது."

"இதுல பயப்பட இன்னா இருக்குது?"

"கெட்டவனா இருந்தா சண்ட போட்டு வாங்கிடலாம். நல்லவன் கைக்குப் போன கொல்லி திரும்பாது. பாவம் அவன் ஒழைக்கிறானேன்னு நானே வுட்ருவேன்."

எனக்குச் சுருக்கென்றது. என்னவாவது செய்தே ஆகவேண்டும் என்று தோன்றியது. லாரி டியூபின் மேல் பலகை கட்டி மிதந்து போகலாம் என்று யாரோ சொன்னார்கள். பலகைக்கு மேல் தண்ணீர் ஏறும், கட்டின் மேல் பை சுற்றினாலும் எவ்வளவு நேரம் தாங்கும் என்று அக்கா மறுத்துவிட்டார். அப்போது நான் பின்பக்கம் விழுந்து கிடந்த மாமரத்தைப் பார்த்தேன். இரண்டு வருடத்துக்கு முன் பள்ளிக்கூடத்துச் சுற்றுலாவில் ஆலப்புழை போயிருந்தபோது, ஒரே மரத்தைக் குடைந்து செய்த ஓடத்தில் ஓர் அம்மாள் புல்கட்டு ஏற்றிக்கொண்டு போனதைப் பார்த்திருந்தேன். ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே இல்லை. அவ்வளவுதான், எனக்குத் தலைகால் புரியவில்லை. அக்காவின் தோளைப் பிடித்து உலுக்கிவிட்டேன். அவர் ஐயோ கால் என்று கத்தினார்.

"அந்த மரத்தையா? ஓடமாவா?" என்று கேட்டுவிட்டு அக்கா வெகு நேரம் மரத்தைப் பார்த்தார். பிறகு தன் மாட்டுத் தொட்டியைப் பார்த்தார். அவரும் கணவருமாகப் பலாமரத்தில் குடைந்த தொட்டி அது.

"தொட்டி மாதிரிக் கொடையணும். அவ்ளோதானே?"

"அவ்ளோதான்," என்றேன். அந்த ஒரு வார்த்தையில் எத்தனை வம்பு ஒளிந்திருந்தது என்று எனக்கு அப்போது தெரியாது.

மரம் விழுந்தது பட்டா நிலத்தில்தான். இருந்தாலும் வனத்துறை அலுவலகத்தில் போய் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வந்தேன். அங்கே இருந்தவர் மலையில் எதற்கம்மா கப்பல் என்று கேட்டுச் சிரித்தார். கடைத்தெருவில் டீ ஆற்றுகிறவர் சிரித்தார். குடகிலிருந்து போன் செய்த அக்காவின் கணவர், "நான் இல்லாத நேரம் பாத்துக் கப்பல் கட்றீங்களாமே, என்னையும் ஏத்திக்குவீங்களா?" என்று கேட்டார். கொழுந்தன் மட்டும் அதிகம் சிரிக்காமல் நாலு ஆட்களோடு வந்து, கிளைகளைக் கழித்து, அடிமரத்தைப் பன்னிரண்டு அடிக்கு அறுத்துத் தந்தார். நடக்காத காரியம் என்று நினைத்துத்தான் உதவி செய்கிறாரோ என்று எனக்குச் சந்தேகம் வந்தது. இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

பள்ளிக்கூடம் முடிந்து நாலரைக்கு வந்தால் இருட்டும் வரை வேலை. சனி ஞாயிறு முழு நாளும். கோடாலி என் பங்கு. மரத்தின் மேல்முதுகைச் சீவித் தட்டையாக்க எனக்கு ஐந்து நாள் பிடித்தது. உள்ளங்கையில் கொப்புளம் வந்து உடைந்து மறுபடி வந்தது. கரும்பலகையில் எழுதும்போது சாக்பீஸ் கையில் நிற்காது. ஆனால் அந்த மாதிரிச் சந்தோஷத்தை நான் அதற்கு முன் அனுபவித்ததில்லை. ஒவ்வொரு வெட்டுக்கும் மரத்திலிருந்து பச்சை மாங்காய் வாசனை எழும். வகுப்பில் பாடம் நடத்திக்கொண்டிருக்கும்போதே கை அரிக்கும். ஒன்பதாம் வகுப்புக்கு மிதப்பு விசை பாடம் அப்போதுதான் வந்தது. பலகையில் ஓடத்தை வரைந்து, இரண்டு ஆள் எடைக்கு எவ்வளவு தண்ணீரில் அமிழும் என்று கணக்குப் போட்டேன். கணக்குப்படி மிதந்தது. வகுப்பே கைதட்டியது, நானும் சேர்ந்து தட்டினேன்.

குடைவது அக்காவின் பங்கு. மரத்தின் மேல் ஏறி உட்கார்ந்து, கட்டுப் போட்ட காலை முன்னால் நீட்டிக்கொண்டு, வாச்சியால் கொத்திக் கொத்தி எடுப்பார். வாச்சி என்பது மண்வெட்டி மாதிரிக் குறுக்காக வாய் வைத்த சின்ன ஆயுதம். தன் காலை நோக்கியே கொத்தவேண்டும். பார்க்கிற எனக்கு நெஞ்சு பதறும். அவருக்குக் கை ஒரு விரற்கடை தப்பாது. கடினமான இடத்தில் அடுப்பிலிருந்து நெருப்புக் கங்கை அள்ளி வந்து போடுவோம். கங்கு மரத்தைக் கருக்கும், கருகிய இடம் வாச்சிக்கு வெல்லம்போல் உதிரும்.

"என் கால ஒடைச்ச மரம் டீச்சர் இது. சும்மா வுடுவனா?" என்பார். கை படபடவென்று போகும்.

இதற்கிடையில் எங்களுக்கு ஒரு கடிகாரம் இருந்தது. கரையில் நின்று பார்த்தால் அக்கரைச் சரிவில் அக்காவின் கொல்லை ஒரு துண்டுத் துணிபோலத் தெரியும். வேலை தொடங்கியபோது அது கரும்பச்சை. கார்த்திகை பிறந்தபோது இளம்பச்சை. தினமும் காலையில் பல் துலக்கிக்கொண்டே நாங்கள் இரண்டு பேரும் அதைத்தான் பார்ப்போம். சாமை முற்றிவிட்டால் யாருக்கும் காத்திருக்காது. மணி உதிர்ந்து மண்ணுக்குப் போய்விடும். ஒருநாள் அந்தத் துணியின் ஒரு மூலையில் மஞ்சள் விழுந்திருந்தது. அன்று அக்கா சாப்பிடக்கூட எழுந்திருக்கவில்லை.

சண்டைகளுக்கும் குறைவில்லை. அக்காவுக்கு அடி, பக்கம், ஓரம் எல்லாம் நாலு விரல் கனம் வேண்டும். இல்லாவிட்டால் மாடு முட்டினால் உடையும் என்றார். ஏரியில் எந்த மாடு வந்து முட்டும் என்று கேட்டேன். ஆலப்புழையில் பார்த்த மாதிரி குறுக்கே ஒரு பலகை வைத்து அதில் உட்காரவேண்டும் என்பது என் ஆசை. தொட்டிக்கு எதற்குப் பெஞ்சு என்று அக்கா கேட்டார். கடைசியில் அவருக்கு நாலு விரல் கனம், எனக்குப் பெஞ்சு என்று சமாதானமானோம். இரண்டுமே தப்பு என்று சொல்ல அங்கே யாரும் இல்லை.

குடைந்து முடித்த மறுநாள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து பார்க்கிறேன், ஓடம் நிறையத் தண்ணீர். குடம் குடமாக அக்கம்பக்கத்துப் பெண்கள் ஊற்றியிருக்கிறார்கள். அக்கா தரையில் தவழ்ந்து தவழ்ந்து வெளிப்புறத்தைத் தடவிப் பார்த்து, ஈரம் கசிகிற இடத்தில் என் சாக்பீஸால் வட்டம் போட்டுக்கொண்டிருந்தார். தொட்டியை அப்படித்தான் சோதிப்பார்களாம். தண்ணீருக்குள் போகவேண்டிய ஓடத்துக்குள்ளேயே தண்ணீரை ஊற்றுகிறார்களே என்று எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு யோசித்தேன். உள்ளிருந்து கசிகிற இடம் வழியாகத்தானே வெளியிலிருந்தும் கசியும்? வெயிலில் வெடிப்பு விடாமல் மரம் ஊறியும் இருக்கும். அக்காவை மனசுக்குள் மெச்சிக்கொண்டேன்.

மெச்சியது ஒரு நாள்கூடத் தாங்கவில்லை. அடுத்த நாள் நாலரைக்கு வந்தால், ஓடத்தின் அடிப்பக்க மூலையிலிருந்து தண்ணீர் அழகாகப் பீய்ச்சிக்கொண்டு ஓடுகிறது. கட்டைவிரல் நுழைகிற அளவுக்கு, சுத்தமாகத் துளைபோட்டு இழைத்த ஓட்டை. பக்கத்தில் அக்கா பெருமையாக உட்கார்ந்திருக்கிறார்.

"இன்னாக்கா இது?"

"மூக்கு." தொட்டியைக் கழுவினால் தண்ணீர் வடிவதற்காக அடியில் போடுகிற ஓட்டையை அவர் அப்படித்தான் சொல்வார். "மூக்கு வெக்காம தொட்டி முடியுமா? இம்மாந் தண்ணிய எப்டி எறைக்கறது?"

எனக்குக் கண் இருண்டுவிட்டது. "இது தண்ணிய உள்ள வெக்கற தொட்டி இல்லக்கா! தண்ணிய வெளிய நிறுத்தற ஓடம்! ஓடத்துக்கு அடியில யாராவது ஓட்ட போடுவாங்களா? ஒரு மாசம் என் கை தோலு உரிஞ்சது இதுக்குத்தானா?" என்று கத்தினேன். கரையில் போய்க்கொண்டிருந்தவர்கள் நின்றுவிட்டார்கள். அக்காவின் முகம் சுண்டிப்போயிற்று.

"கைப்பழக்கம் டீச்சர்," என்றார் மெதுவாக.

நான் வீட்டுக்குள் போய்க் கதவை அறைந்து சாத்திக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் கோபம் வடிந்தது, வெட்கம் ஏறியது. ஓடம் என்ன எனக்கா? அந்தக் கொல்லை என்னுடையதா? ஒரு மாதமாக ஒடிந்த காலோடு மரத்தின் மேல் உட்கார்ந்திருந்தவரிடம்தான் நான் என் கைத்தோலைப் பற்றிப் பேசியிருக்கிறேன். காலையில் இரண்டு டம்ளர் காப்பியோடு போனேன். அக்கா ஏற்கெனவே வைரம் பாய்ந்த புளியங்கட்டையைச் சீவி, நுனி மெலிந்த ஒரு முளை செய்து வைத்திருந்தார். அதை ஓட்டையில் வைத்து உள்ளேயிருந்து சுத்தியலால் இறக்கினார். மேலே தண்ணீர் ஊற்றினார். ஒரு பொட்டுக் கசியவில்லை.

"தொட்டிக்கும் இப்டித்தான் அடைப்போம்," என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

"நேத்து நான் கத்தினது தப்புக்கா."

"காப்பி ஆறுது, குடிங்க."

குங்கிலியத்தையும் புங்க எண்ணெயையும் காய்ச்சி, சாக்பீஸ் வட்டம் போட்ட இடமெல்லாம் பூசினோம். அந்த ஞாயிற்றுக்கிழமை ஊரே திரண்டு வந்து, மூங்கில்களை அடியில் உருட்டி ஓடத்தைத் தண்ணீருக்குத் தள்ளியது. அது தண்ணீரைத் தொட்டு, ஒரு முறை தலையசைத்து, மிதந்தது! மலையில், எங்கள் கையால் செய்தது, மிதந்தது! எனக்குக் கால் தரையில் பாவவில்லை. அக்கா வாயெல்லாம் பல்லாக நின்றார். நான் கிணற்றில் குதித்து நீச்சல் பழகியவள், தயக்கமே இல்லாமல் ஏறிப் பெஞ்சில் உட்கார்ந்து கையை ஆட்டினேன். ஆட்டிய கை இறங்குவதற்குள் ஓடம் குப்புறக் கவிழ்ந்தது.

தண்ணீரிலிருந்து தலையைத் தூக்கினால் கரை முழுக்கச் சிரிப்பு. இந்த முறை அக்கா அடக்கவில்லை. இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எனக்குக் கோபம் வரவேண்டிய நேரம், ஆனால் நானும் சிரித்துவிட்டேன். பாரம் எல்லாம் மேலே இருந்தால் கவிழாமல் என்ன செய்யும்? மிதப்பைக் கணக்குப் போட்டவள் சாய்வைக் கணக்குப் போடவில்லை. ஓடத்தைக் கரைக்கு இழுத்து, பெஞ்சைப் பிடுங்கி அக்காவின் அடுப்புக்குக் கொடுத்தேன். அக்கா பக்கங்களை நாலு விரலிலிருந்து இரண்டாகச் சீவினார். அடியை மட்டும் அப்படியே கனமாக விட்டார். அதற்கு நாலு நாள் வெயில் போயிற்று.

நாலாம் நாள் சாயங்காலம் கொழுந்தன் வந்தார். "சாமை சாஞ்சிடுச்சி அண்ணி. நாளைக்கி விட்டா உதிர்ந்துடும். காலைல நான் சுத்திக்கினு போய்டறேன். வெயில் எறங்கி வரப்பத் தொடற வரைக்கும் உனக்காகப் பாப்பேன்."

"பாரு," என்றார் அக்கா.

மறுநாள் பள்ளிக்கூடத்துக்கு லீவு சொன்னேன். அக்காவின் இடுப்பில் இரண்டு காலி எண்ணெய் கேன்களைக் கட்டினோம். அவருக்கு நீச்சல் தெரியாது. மாவுக்கட்டின் மேல் பாலிதீன் பை சுற்றி, ஓடத்தின் அடியில் சாக்கு விரித்து, காலை நீட்டி உட்காரவைத்தோம். பக்கத்தில் அவர் அரிவாள். பின்னால் நான் மண்டியிட்டு நீள மூங்கில் கழியால் தள்ளினேன். ஓடம் கொஞ்சம் ஆடியது, பிறகு நிதானப்பட்டு வழுக்கிக்கொண்டு போனது. ஆஹா! இரண்டு பக்கமும் மலை, கீழே மலையின் நிழல், நடுவில் நாங்கள். நான் உரக்கக் கத்தினேன். என் குரல் அக்கரையில் பட்டுத் திரும்பி வந்தது.

"கத்தாம தள்ளுங்க டீச்சர். வெயில் எறங்குது பாருங்க."

மலையுச்சியிலிருந்து வெயில் சரிவில் இறங்கிக்கொண்டிருந்தது. கொல்லைக்கு மேலே ஒரு பனை உயரத்தில் இருந்தது. அக்கரையில் கொழுந்தன் சின்னதாகத் தெரிந்தார்.

பாதி ஏரிக்குமேல் தாண்டியிருப்போம். டப் என்று ஒரு சத்தம். புளியமுளை துள்ளி எழுந்து விழுந்தது. அக்காவின் காலடியில், முன்மூலையில் அது இருந்த இடத்தில் தண்ணீர் குழாய் திறந்த மாதிரிக் கிளம்பியது. அந்த ஒரு நொடியில் எல்லாம் எனக்கு விளங்கிவிட்டது. தொட்டியில் தண்ணீர் உள்ளே இருக்கிறது, அது முளையைக் கீழே அழுத்தி இறுக்கும். அதனால் உள்ளேயிருந்து அடிப்பார்கள். ஓடத்துக்குத் தண்ணீர் கீழே இருக்கிறது, அது முளையை மேலே தள்ளும். இங்கே வெளியிலிருந்தல்லவா அடித்திருக்கவேண்டும்! நாலு நாள் வெயிலில் முளையும் காய்ந்து இளைத்திருக்கிறது. அக்கா கைப்பழக்கத்தில் அடித்தார். மிதப்பு விசை நடத்துகிற நான் பக்கத்தில் காப்பியோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

முளை தண்ணீரில் மிதந்து என் முழங்காலுக்கு வந்தது. நான் எழுந்து முன்னால் போனால் ஓடம் கவிழும். அக்கா குனிந்து கையால் பொத்த முயன்றார், எட்டவில்லை. தண்ணீர் சாக்கை நனைத்து ஏறியது. அப்போது அவர், மடக்கி உட்கார்ந்திருந்த நல்ல காலை எடுக்க நேரமில்லாமல், தன் கட்டுப் போட்ட காலை இழுத்து, குதிகாலை அந்த ஓட்டையின் மேல் வைத்து அழுத்தினார். தண்ணீர் நின்றது.

"அக்கா, கால எடுங்க! கட்டு நனையுது! கட்டு நனையக் கூடாதுன்னுதானே இந்த ஓடமே!"

"ஏய், தள்ளுடி!" என்று கத்தினார் அக்கா.

இத்தனை வருடத்தில் அவர் என்னை டீச்சர் என்றுதான் கூப்பிட்டிருக்கிறார். கோபத்தில்கூட ஒரு 'ங்க' குறைந்ததில்லை. அந்த 'டி'யைக் கேட்டதும் எங்கிருந்துதான் எனக்கு அவ்வளவு பலம் வந்ததோ தெரியாது. அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. கழி வளைய வளையத் தள்ளினேன். பாலிதீன் பை கிழிந்து, மாவுக்கட்டின் குதிகால் வெள்ளையாகக் கரைந்து ஓடத்துக்குள் பரவியது. அக்கா காலை அசைக்கவே இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு அக்கரையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்.

கொழுந்தன் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி வந்து ஓடத்தைப் பிடித்து இழுத்தார். உள்ளே எட்டிப் பார்த்தவர் திகைத்துப்போனார்.

"அண்ணி, கட்டு கரைஞ்சிடுச்சே!"

"கரையட்டும். வெயில் எங்க இருக்குது?"

அவர் திரும்பிப் பார்த்தார். வெயில் வரப்புக்கு ஒரு முழம் மேலே இருந்தது.

நாங்கள் இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் தோள் கொடுத்து அக்காவைத் தூக்கிக்கொண்டு போய் வரப்பில், அவர் பொறுக்கி அடுக்கிய கற்களின் மேல், உட்காரவைத்தோம். மறுநாள் திருப்பத்தூர் டாக்டர் எங்கள் இருவரையும் நிற்கவைத்துத் திட்டினார். படம் எடுத்துப் பார்த்துவிட்டு, நல்லவேளை எலும்பு கூடிவிட்டது என்று புதுக் கட்டுப் போட்டார். அது மறுநாள் கதை. அன்று அக்கா உட்கார்ந்தபடியே முதல் பிடிச் சாமையை அறுத்தார். அதைக் கண்ணில் ஒற்றிச் சாமிக்கு என்று கல்லின் மேல் வைத்தார்.

நான் ஓடத்தைச் சாய்த்து, அந்தப் புளியமுளையை வெளியிலிருந்து ஓட்டைக்குள் வைத்து ஒரு கல்லால் ஓங்கி அடித்து இறக்கினேன். திரும்பிப் போகும்போது அது அசையவில்லை. மூட்டைகள் ஏற்றிய பின்னும் அசையவில்லை.

நான் அடித்து முடித்து நிமிர்ந்தபோது, கொழுந்தன் அரிவாளோடு கொல்லையின் நடுவில் இறங்கப் போனார்.

"நில்லு," என்றார் அக்கா. "நடுவுல எறங்குனா மிதிச்சி உதிர்த்துடுவ. மேல் மூலையிலேர்ந்து புடிச்சிக்கினு வா. அடுத்த வருசம் இங்க நான் கேவுரு போடணும், தட்டை மண்ணுக்கு ஒரமாவும், ஒட்ட அறுக்காத."

அவர் ஒரு நிமிடம் அண்ணியைப் பார்த்தார். பிறகு கரையில் கிடந்த ஓடத்தைப் பார்த்தார். தலைப்பாகையை அவிழ்த்து உதறிக் கட்டிக்கொண்டார்.

"சரிங்க அண்ணி," என்று சொல்லிவிட்டு மேல் மூலைக்கு நடந்தார்.